அம்பாசடரின் உதறலும் அறுபதாயிரம் ரூபாயும்

பின்சக்கர ஓட்டமுள்ள வண்டியில் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ மாற்றியிருக்கிறீர்கள், அல்லது லீஃப் ஸ்ப்ரிங்கின் பட்டையைக் குறைத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்தியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு வேகத்தில் இருக்கைக்கு அடியில் உதறல் வருகிறது. அப்படியென்றால் பேலன்ஸிங் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாயும், ஒரு கோடைக்காலம் முழுவதும், கொஞ்சம் உயிர்பயமும் செலவானது.

வண்டி எங்கள் ஐயாவுடைய அம்பாசடர். அவர் காலத்துக்குப் பிறகு பள்ளத்தூர் வீட்டின் வண்டிக் கொட்டகையில் சும்மா நின்றது. அதை ட்ராக் வண்டியாக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு காரான கான்டெஸாவில் வந்த இசுசு 1.8 இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் அப்படியே இறக்கினேன். இது ஒன்றும் விபரீத யோசனை இல்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸே 1800 ஐஎஸ்இசட் என்று அம்பாசடரில் இதே இன்ஜினைப் போட்டு விற்றார்கள். ஆனால் என்னுடையது அதற்கு முந்தைய மாடல். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் காரைக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டேன். புதுக் கியர்பாக்ஸ் நீளம் என்பதால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்த் தண்டை, வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் இரண்டு பட்டையைக் கழற்றி வண்டியைத் தாழ்த்தினேன். ஷாஃப்டின் முன்முனைக்கு அருகில் இரும்புப் பட்டியில் ஒரு பாதுகாப்பு வளையமும் மாட்டினேன். ஷாஃப்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும், கோணத்தில் வளைந்தபடியே சுழலவிடும் மூட்டு அது. முன் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தாமல் அந்த வளையம் பிடித்துக்கொள்ளும். ரேஸ் வண்டிகளில் வழக்கமாகப் போடுவார்கள் என்று படித்திருந்தேன். அப்போதைக்கு அது எனக்கு வெறும் சம்பிரதாயம்.

இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்த பிறகு திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எழுபதில் லேசாக ஆரம்பித்தது. எண்பத்தைந்தில் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது, கியர் குச்சி ரீங்காரமிட்டது. நூறைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கியது. எண்பத்தைந்திலேயே மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் மாற்றி மாற்றி ஓட்டினேன், உதறலில் வித்தியாசம் இல்லை. நியூட்ரலில் உருளவிட்டாலும் போகவில்லை, கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். இன்ஜின் வேகம் மாறியும் உதறல் மாறவில்லை என்றால் இன்ஜின் காரணமில்லை. ரோட்டு வேகத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

ரோட்டு வேகத்தோடு சுற்றுவது சக்கரம், ஆக்ஸில், ஷாஃப்ட். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது பேலன்ஸ். நாலு டயர் மாற்றினேன், பதினெட்டாயிரம். மதுரைக்கு ஷாஃப்டைக் கொண்டுபோய் பேலன்ஸ் செய்தேன், திருப்தி இல்லாமல் மறுபடியும் கொண்டுபோனேன், போக்குவரத்தோடு ஆறாயிரம். "கியர்பாக்ஸ் பின்பேரிங் தேய்ந்திருக்கும் தம்பி, செகண்ட்ஸ்ல எடுத்ததுதானே" என்று ஒருவர் சொன்னதில் கியர்பாக்ஸைப் பிரித்து பதினாலாயிரம். பிரித்த பேரிங்கைப் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்து ஐயா வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆத்தா வேறு வந்து, "ஓடிக்கிட்டிருந்த காரைப் பிரிச்சுப்போட்டு உக்காந்திருக்கியே, ஐயா இருந்தா என்ன சொல்லுவாக" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். மணிக்கு 85 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 745 சுற்று. பின்னச்சு விகிதம் தோராயமாக நாலுக்கு ஒன்று என்றால் ஷாஃப்ட் சுமார் 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. சக்கரத்தின் குறை என்றால் உதறல் நொடிக்குப் பன்னிரண்டு தடவை வரும், உடம்பே ஆடும். ஷாஃப்ட் பேலன்ஸ் குறை என்றால் சுற்றுக்கு ஒரு தடவை, நொடிக்கு ஐம்பது. ஜாயிண்ட் கோணத்தின் குறை என்றால் சுற்றுக்கு இரண்டு தடவை, நொடிக்கு நூறு. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் ஃபோனில் இருக்கின்றன. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவர் கையில் ஃபோனைக் கொடுங்கள். என் வண்டியில் பிற்பாடு பார்த்தபோது உச்சம் நூறுக்குப் பக்கத்தில் நின்றது. இன்னொரு வழியும் இருக்கிறது. பேலன்ஸ் குறையாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் உதறல் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். கோணக் குறையாக இருந்தால் மிதிக்கும்போது ஒன்று, காலை எடுத்தால் ஒன்று என்று குணம் மாறும். நியூட்ரலில் தணிந்தது என்று மேலே சொன்னேனே, அது அந்த அடையாளம்தான்.

அடுத்து ஆப்பு. இது நிஜமான ஆப்பு, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைக்கிற சாய்வான இரும்புத் துண்டு. "ரேஸ் வண்டிக்கு பினியன் மூக்கு ரெண்டு மூணு டிகிரி கீழ பாத்து இருக்கணும்" என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். பினியன் என்பது ஆக்ஸிலின் முன்பக்கம் நீட்டி நின்று ஷாஃப்டின் சுழற்சியை உள்ளே வாங்கும் பல்சக்கரத் தண்டு. சொன்னது பொய் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சக்கரத்தைத் திருப்பும் விசையின் எதிர்விசையில் ஆக்ஸில் ஹவுசிங் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும், பட்டை எஸ் மாதிரி வளையும், பினியன் மூக்கு மேலே எழும். அதை ஈடுகட்ட, நிற்கும்போதே மூக்கைத் தாழ்த்தி வைப்பார்கள். நான் ரசமட்டத்தை வைத்துத் தரைமட்டத்திலிருந்து இரண்டு டிகிரி கீழே பார்க்கிற மாதிரி ஆப்பு கடைந்து வைத்தேன். காலை எடுத்து உருளும்போது உதறல் குறைந்தது. மிதிக்கும்போது மாற்றமே இல்லை. பாதி சரியானதால் வழி சரி என்று நம்பி, உதறலோடேயே கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேக்கு ஒரு ட்ராக் டேக்கு (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டவிடும் நாள்) வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். கேரியர் வாடகை, நுழைவுக் கட்டணம், தங்கல் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம்.

நேர்ப்பாதையில் முழு மிதியில் போகும்போது காலுக்குக் கீழே சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். தொடர்ந்து அடித்தது. இன்ஜின் சுற்று மட்டும் எகிறியது, வண்டிக்கு இழுவை இல்லை. காலை எடுத்து ஓரமாகப் போய் நிற்கும்வரை தரைத்தகடு இடது காலுக்குப் பக்கத்தில் உள்ளே புடைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். முன் ஜாயிண்டின் கிராஸ், அதாவது மூட்டின் நடுவே இருக்கும் நான்கு கை கொண்ட கூட்டல்குறி வடிவ இரும்புத் துண்டு, பிடி கழன்றிருந்தது. ஷாஃப்ட் அந்த வளையத்துக்குள் கிடந்தது. கால்மணி நேரம் கதவைத் திறந்து இறங்கத் தோன்றவில்லை. வளையம் இல்லாமல் ஷாஃப்டின் முன்முனை தரையில் ஊன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதப்போவதில்லை. ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத பட்டியில், முன் ஜாயிண்டிலிருந்து அரையடிக்குள், உடம்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு வளையத்தை மாட்டுங்கள். வெறும் தகட்டில் மாட்டாதீர்கள்.

ஊருக்கு வந்து இரண்டு கிராஸையும் கழற்றி பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கிரீஸ். முன் கிராஸின் கை சூட்டில் நீலம் பாரித்து, அதைச் சுற்றியிருக்கும் ஊசி பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) அரைபட்டுச் செம்பழுப்புத் தூளாகிக் கிடந்தது. பின் கிராஸில் அந்த மாதிரிச் சூடு எதுவும் இல்லை. ஆனால் கையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஊசி படிந்த இடத்திலெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. முன்னது அளவுக்கு மீறி ஆடிக் கெட்டது, பின்னது ஆடாமலே கெட்டது. ஜாயிண்டில் கொஞ்சமாவது கோணம் இருந்தால்தான் ஊசிகள் உருண்டு இடம் மாறும், கிரீஸும் பரவும். அரை டிகிரிக்கும் கீழே நின்றால் ஒரே இடத்தில் அடிவாங்கிப் பள்ளம் விழும். பின் ஜாயிண்ட் ஆப்பு வைப்பதற்கு முன்பு வரை அந்த நிலையில்தான் பெரும்பாலும் ஓடியிருக்கிறது. ஆக, ஷாஃப்டின் இரு முனையிலும் கோணம் வேறு வேறு. பேலன்ஸ் மெஷின் இதை எந்தக் காலத்திலும் காட்டாது, ஏனென்றால் அந்த மெஷினில் ஷாஃப்ட் வண்டியின் கோணத்தில் சுற்றுவதில்லை.

இங்கே கொஞ்சம் பாடம். சலிப்பாக இருந்தாலும் படியுங்கள், மொத்த விஷயமும் இதற்குள்தான். அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த எங்கள் சித்தப்பா மகன் ஹூக்ஸ் ஜாயிண்ட் (யுனிவர்சல் ஜாயிண்டின் பாடப்புத்தகப் பெயர்) சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதியவன், வண்டிக்கு அடியில் பார்த்ததில்லை. கோணத்தில் சுற்றும் ஜாயிண்டில் ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். என் முன் ஜாயிண்டில் இருந்த கோணம் 4.5 டிகிரி. 3000 சுற்றில் அதற்கு ஒன்பது சுற்று கூட, ஒன்பது சுற்று குறைய என்று கணக்கு வருகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். கனமான ஒரு இரும்புக் குழாயை நொடிக்கு நூறு தடவை முடுக்கி நூறு தடவை பிடித்து இழுக்கிறோம் என்று யோசித்தால் அப்படித் தோன்றாது. கோணம் இரண்டு மடங்கானால் இந்த ஏற்ற இறக்கம் நாலு மடங்காகும். பின் ஜாயிண்டிலும் அதே அளவு கோணம் இருந்து, ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டை போன்ற முனைகள்) ஒரே கோட்டில் நின்றால், முன்னது செய்ததைப் பின்னது அழித்துவிடும். கியர்பாக்ஸ் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கவை ஒரே கோட்டில் நிற்பதை முதலில் சரிபாருங்கள், அது தப்பானால் கோணம் பார்த்துப் பயனில்லை. ஷாஃப்டை வெட்டி ஒட்டும்போது பலர் இதில் கோட்டை விடுவார்கள். எனக்குச் செய்த லேத்காரர் வெட்டுவதற்கு முன்பே குழாய் நெடுக உளியால் ஒரு கோடு கீறி, ஒட்டும்போது அந்தக் கோட்டைச் சேர்த்திருந்தார். நான் சொல்லிச் செய்ததல்ல. அவர் கையை நம்பலாம்.

இப்போது ஆப்பு ஏன் பாதி மட்டும் வேலை செய்தது என்பது புரியும். "மூக்கு இரண்டு டிகிரி கீழே" என்றால் கியர்பாக்ஸின் கோட்டிலிருந்து இரண்டு டிகிரி. தரையிலிருந்து இல்லை. கியர்பாக்ஸ் வால் 5.5 டிகிரி தொங்கிக்கொண்டிருந்த என் வண்டியில் தரையை வைத்து அளந்த இரண்டு டிகிரிக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. தனியாக எந்த ஒரு கோணத்தைச் சொன்னாலும் வீண்தான். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றும் தெரிந்தால்தான் பேச்சு. யாராவது உங்களிடம் ஒற்றை எண்ணைச் சொன்னால் "எதிலிருந்து?" என்று கேளுங்கள்.

அளப்பது எப்படி என்பதில் அவசரம் கூடாது. காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கொத்தனார் ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது, கால் டிகிரி வித்தியாசம் தெரிய வேண்டும். வண்டி தன் சக்கரங்களில், ஓடும்போது இருக்கும் எடையோடு நிற்க வேண்டும். டேங்கில் பாதி பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று. உடம்பை ஜாக்கி போட்டுத் தூக்கி ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளந்தால் வரும் எண்கள் குப்பை. அடியில் நுழைய இடம் வேண்டுமே என்றால் நாலு சக்கரத்துக்கும் ஒரே கன மரக்கட்டை கொடுங்கள். வீடு இடித்த பர்மா தேக்கு உத்தரம் எங்கள் பக்கம் எப்படியும் ஒன்றிரண்டு கிடக்கும். ஏற்றியபின் வண்டியின் நாலு மூலையையும் அழுத்தி ஆட்டிவிட்டுப் பட்டையைப் படியவிடுங்கள். எங்கள் கொட்டகைத் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், மூன்று அளவுக்கும் நடுவே வண்டியை நகர்த்தாமல், கருவியைத் திரும்பப் பூஜ்ஜியம் செய்யாமல் இருந்தால் தரைச் சரிவு மூன்றிலும் ஒரே மாதிரி சேர்ந்து, கழிக்கும்போது போய்விடும். கருவியை ஒரே பக்கம் பார்த்தபடி வையுங்கள், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் எண்ணோடு எழுதுங்கள். கடைந்த முகத்தில் மட்டும் வையுங்கள், கவையின் முகம், ஃப்ளாஞ்சின் முகம் இப்படி. வால்வு மூடியிலும் வார்ப்பு ஹவுசிங்கிலும் வைத்து அளந்தால் ஏமாறுவோம்.

கடைந்த ஆப்பைக் கழற்றிவிட்டு எடுத்த அளவு இது. கியர்பாக்ஸ் பின்னோக்கி 5.5 சரிவு, ஷாஃப்ட் 1 சரிவு, பினியன் மூக்கு அரை டிகிரி மேலே. முன் ஜாயிண்டில் 4.5, பின் ஜாயிண்டில் அரை. கிராஸ்கள் சொன்னதையே கருவியும் சொன்னது. இரண்டு முனைக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் நிற்பது நல்லது என்பது பொதுவான அளவு.

முதலில் கியர்பாக்ஸ் வாலை உயர்த்தினேன். இன்ஜின் மவுண்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்டுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு டிகிரிக்கு 14 மில்லிமீட்டர். 28 மில்லிமீட்டர் கட்டை கொடுத்ததில் 5.5 என்பது 3.5 ஆனது. அதற்கு மேல் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் தகட்டில் இடிக்கும். இதில் ஒரு சூட்சுமம், வால் உயர்ந்தால் ஷாஃப்டின் முன்முனையும் கூடவே உயர்கிறது. ஷாஃப்ட் சரிவு 1 இலிருந்து 2.2 ஆனது. ஆக இரண்டு டிகிரி மாற்றியதற்கு முன் ஜாயிண்டில் 3.2 டிகிரி குறைந்து 1.3 ஆகிவிட்டது. ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் சிக்கிக்கொள்வோம்.

அடுத்து பினியன். முழு மிதியில் அது கியர்பாக்ஸுக்கு இணையாக, 3.5 மேலே பார்த்து நிற்க வேண்டும். பட்டை வளைவதற்கு இரண்டு டிகிரி விட்டால், நிற்கும்போது 1.5. இருப்பது அரை. அதாவது எனக்குத் தேவைப்பட்டது மூக்கை ஒரு டிகிரி மேலே தூக்கும் ஆப்பு. எல்லோரும் கீழே, கீழே என்று சொன்ன இடத்தில்! பட்டை உட்காரும் இடம் 12.5 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒரு டிகிரிக்கு ஒரு முனை மற்றதைவிட 2.2 மில்லிமீட்டர் தடிமன் கூட. பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால் தடித்த முனை முன்பக்கம், மேலே இருந்தால் பின்பக்கம், மூக்கு மேலே எழும். அலுமினிய ஆப்பு நசுங்கி வெளியே வரும், எஃகில் கடையச் சொல்லுங்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டின் தலை ஆப்பைத் தாண்டி ஆக்ஸில் குழியில் போய் உட்காருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீளமான போல்ட் வேண்டும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டுகளைப் புதிதாகப் போடுவது நல்லது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் கட்டாயம் மறுபடி முறுக்குங்கள், எனக்கு ஒவ்வொன்றும் அரைச் சுற்று போனது. கியர்பாக்ஸுக்குள் நுழையும் கவை ஷாஃப்ட் உள்ளே முட்டாமல் இரண்டு சென்டிமீட்டராவது இடம் விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஆப்பும் கட்டையும் கடைந்த செலவு தொள்ளாயிரம் ரூபாய். இரண்டு கிராஸ், நாலு யு போல்ட் தனி. திருச்சி ரோட்டில் எண்பத்தைந்தில் மிதித்துப் பிடித்தபோது கண்ணாடியில் ஒரே லாரிதான் தெரிந்தது. சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, அந்தப் பதினாலாயிரம் ரூபாய் பேரிங் நினைவுக்கு வந்து.

உதறல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறு, தொண்ணூற்றைந்தில் காலை எடுத்து உருளவிட்டால் லேசான ரீங்காரம் இருக்கிறது. பினியனை முழு மிதிக்கு வைத்ததால் மிதிக்காதபோது இரு கோணமும் பொருந்தாது, இது தெரிந்தே கொடுத்த விலை. நாள்தோறும் ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் இரண்டு டிகிரி விடாமல் ஒன்று விடுங்கள், நிதானமாகப் போகும்போதும் சத்தம் குறையும். பின்பக்கம் பட்டைக்குப் பதில் காயில் ஸ்ப்ரிங்கும் இணைப்புத் தண்டுகளும் உள்ள வண்டிக்கும் ஒன்று, ஒன்றரை போதும், அதில் ஆக்ஸில் அவ்வளவு முறுக்கிக்கொள்ளாது. புதுப் பட்டை போட்டவர்கள் அது படிந்து உயரம் இறங்கியதும் திரும்ப அளக்க வேண்டும். கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் மாற்றினாலும் அப்படித்தான், பழைய ரப்பர் நசுங்கியிருந்த அளவுக்கு வால் உயர்ந்துவிடும். போன மாதம் நான் ரப்பர் மாற்றியபோது 3.5 என்பது 3.1 ஆகியிருந்தது. கட்டையில் ஐந்தரை மில்லிமீட்டர் கடைந்து எடுத்த பிறகுதான் வண்டியை வெளியே எடுத்தேன்.